வால்மார்ட் எந்த வழியாக வந்தது?

பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கம் போகும் ரேடியல் சாலையில் கண்ணாடிக் கட்டிடங்களுக்குப் பஞ்சமில்லை. அங்கே ஓர் ஐ.டி. பூங்காவில் சுமார் 4.65 லட்சம் சதுர அடி இடத்தை வால்மார்ட்டின் தொழில்நுட்பப் பிரிவு வாடகைக்கு எடுத்திருப்பதாக 2025 தொடக்கத்தில் செய்தி வந்தது. அமெரிக்காவில் எந்த ஊர்க் கடையில் எவ்வளவு பால் மிச்சம், எந்த அலமாரி காலி என்று கணக்குப் போடும் மென்பொருள் வேலைகள் இந்த மாதிரி அலுவலகங்களில்தான் நடக்கின்றன. படித்ததும் சிரிப்புதான் வந்தது. இதே வால்மார்ட் இங்கே ஒரு கிலோ துவரம் பருப்புகூட விற்றுவிடக் கூடாது என்று 2012-ல் ஷட்டரை இறக்கிப் போராடிய ஊர் இது.

கடை திறக்க விடவில்லை. ஆபீஸ் திறந்துகொண்டார்கள். ஆபீஸுக்கு எதிராக யார் கொடி பிடிக்கப் போகிறார்கள்? நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கிறது. அண்ணாச்சி கடைக்காரர் ஒருவரின் மகனே இன்ஜினீயரிங் முடித்துவிட்டு அந்தக் கட்டிடத்தில் உட்கார்ந்திருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஆனால், ரேடியல் சாலை ஆபீஸ் இந்தக் கதையின் ஒரு ஓரம்தான். 2018-ல் ஃபிளிப்கார்ட்டின் 77 சதவீதப் பங்குகளை 1,600 கோடி டாலருக்கு வாங்கிய அன்றே வால்மார்ட் தாம்பரத்துக்குள் வந்துவிட்டது. போர்டு மாட்டவில்லை, ரிப்பன் வெட்டவில்லை. நம் சட்டைப் பைக்குள் இருக்கும் செல்போன் வழியாக வந்தது.

2012: வாசலில் நின்ற சண்டை

அந்தச் சண்டையை இப்போது நினைத்துப் பார்த்தால் எத்தனை பெரிய கூச்சல் என்று தோன்றுகிறது. பல பிராண்டு சில்லறை விற்பனையில் 51 சதவீதம் வரை அந்நிய முதலீடு என்று மன்மோகன் சிங் அரசு 2011 நவம்பரில் அறிவித்து, எதிர்ப்பைப் பார்த்துக் கிடப்பில் போட்டது. 2012 செப்டம்பர் 14-ம் தேதி மறுபடி எடுத்து முடிவாக்கியது. மம்தா பானர்ஜி ஆதரவை விலக்கிக்கொண்டார். செப்டம்பர் 20-ம் தேதி நாடு முழுவதும் பந்த். தமிழ்நாட்டில் இந்தக் கொள்கையை அனுமதிக்க மாட்டோம் என்று முதல்வர் ஜெயலலிதா அறிவித்தார். எதிர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டே தி.மு.க. நாடாளுமன்றத்தில் அரசுக்குச் சாதகமாக ஓட்டுப் போட்டது. ஆட்சி கவிழ்ந்து பா.ஜ.க. வந்துவிடக் கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். டிசம்பர் 5-ம் தேதி மக்களவையில் எதிர்க்கட்சிகளின் தீர்மானம் 218-க்கு 253 என்று தோற்றது.

கொள்கை ஜெயித்தது, கடை வரவில்லை. காரணம், அதில் இருந்த ஒரு நிபந்தனை. குறைந்தது 10 கோடி டாலர் முதலீடு, பத்து லட்சம் மக்கள்தொகைக்கு மேல் உள்ள நகரங்கள், 30 சதவீதச் சரக்கைச் சிறு தொழில்களிடம் வாங்குவது என்று பல நிபந்தனைகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, மாநில அரசு சம்மதித்தால்தான் கடை. தமிழ்நாடு சம்மதிக்கவில்லை. வானகரத்தில் பாரதி வால்மார்ட் கூட்டு நிறுவனத்தின் மொத்த விற்பனைக்காக எழும்பிய கட்டிடத்தை எதிர்த்து வணிகர்கள் திரண்டார்கள்; அங்கே கடை திறக்கப்படவே இல்லை. 2013 அக்டோபரில் பாரதியும் வால்மார்ட்டும் பிரிந்தார்கள். சரி என்று சொன்ன மாநிலங்களிலும் பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை. டாடாவின் ட்ரென்ட்டோடு சேர்ந்து டெஸ்கோ வந்தது. அந்த வாசல் வழியே உள்ளே வந்த பெரிய பெயர் அது ஒன்றுதான். 2014 தேர்தல் அறிக்கையில் எதிர்த்த பா.ஜ.க. ஆட்சிக்கு வந்தும் அந்தக் கொள்கையைக் கிழித்துப் போடவில்லை. காகிதத்தில் அது இன்றும் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்நிய மளிகைக் கம்பெனி சென்னைக்கு வந்தது 2012-ல் இல்லை. ஆர்.பி.ஜி. குழுமம் 1996-ல் ஆர்.ஏ.புரத்தில் தொடங்கிய ஃபுட்வேர்ல்டில் ஹாங்காங்கின் டெய்ரி ஃபார்ம் நிறுவனம் 49 சதவீதம் வைத்திருந்தது. ஏ.சி. போட்ட மளிகைக் கடை என்று மந்தைவெளி மாமிகள் பெருமையாகப் பையை ஆட்டிக்கொண்டு போன அந்தக் கடையில் பாதி ஹாங்காங் பணம். யாரும் பந்த் நடத்தவில்லை. யாருக்கும் அது உறைக்கவும் இல்லை. 2005-06 வாக்கில் இரண்டு பேரும் பிரிந்தார்கள். சென்னைக் கடைகள் ஸ்பென்சர்ஸ் ஆகிவிட்டன. அடுத்து, 1997-ல் திருவான்மியூரில் பிறந்த சுபிக்ஷா அச்சு அசல் உள்ளூர்ச் சரக்கு. 1,600 கடை வரை போய் 2009-ல் சாய்ந்தது. கடைக்காரர்களுக்கும் சப்ளையர்களுக்கும் ஊழியர்களுக்கும் அது கொடுத்த அடி, எந்த அந்நியனும் கொடுக்காத அடி.

பத்துக்குப் பத்தில் ஒரு பொருளாதாரம்

மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையை விட்டு உள்ளே இறங்கும் தெருக்களில் பத்துக்குப் பத்து மளிகைக் கடைகள் இன்னும் நிற்கின்றன. வாசலில் ஆவின் பால் ட்ரே, பக்கத்தில் இட்லி மாவு பாக்கெட், தலைக்கு மேலே சரம் சரமாக ஷாம்பு சாஷே, மூலையில் ஒரு வாழைத்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் பணம் வந்ததும் சத்தமாகச் சொல்லும் க்யூ.ஆர். பெட்டி. அதற்குக் கீழே, நூல் கட்டிய நீள நோட்டு.

அந்த நோட்டில்தான் விஷயம் இருக்கிறது. மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் வேலை பார்ப்பவர், கால் டாக்சி ஓட்டுபவர், வீட்டு வேலைக்குப் போகும் அம்மா, கொத்தனார், செக்யூரிட்டி. இவர்களுக்குச் சம்பளம் ஒன்றாம் தேதி வராது. ஏழு, பத்து என்று ஆகும். சிலருக்கு வாரக் கூலி, சிலருக்கு நாள் கூலி. நடுவில் பிள்ளைக்கு ஜுரம் வரும், ஸ்கூல் பீஸ் வரும். "கணக்கில எழுதிக்குங்க அண்ணாச்சி" என்ற ஒரு வார்த்தையில் அரைக் கிலோ சர்க்கரை வீட்டுக்குப் போய்விடும். கையெழுத்து கிடையாது, வட்டி கிடையாது, சிபில் ஸ்கோர் கிடையாது. யார் வீட்டில் யாருக்கு வேலை போனது, யார் வீடு காலி பண்ணப் போகிறார்கள் என்பதெல்லாம் தெரு சொல்லிவிடும். எந்த வங்கியும் அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்காது. வராத கடனும் உண்டு. ஒரே ராத்திரியில் வீட்டைக் காலி செய்துகொண்டு போனவர்களின் பக்கம் எல்லாக் கடை நோட்டிலும் இருக்கும்.

இன்னொன்று, அளவு. அஞ்சு ரூபாய்க்கு இஞ்சி, பத்து ரூபாய்க்குப் பச்சை மிளகாய், நூறு கிராம் கடுகு. கறிவேப்பிலை சும்மா. அட்டை டப்பாவில் வரும் எந்தப் பெரிய கடையும் இந்த அளவுக்கு இறங்கி வராது. இறங்கினால் பேக்கிங் செலவே கட்டுப்படியாகாது.

மேலே இருப்பவர்கள் கணக்கில் விட்டுப் போகும் இன்னொரு விஷயம், ரேஷன். தமிழ்நாட்டில் 34,000-க்கும் அதிகமான ரேஷன் கடைகள் இருக்கின்றன. 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ஏழை வீட்டின் மளிகைச் செலவில் கனமான பகுதி அங்கேயே முடிந்துவிடுகிறது. மிச்சத்துக்குத்தான் அண்ணாச்சி. மொத்தமாக அரிசியும் எண்ணெயும் மலிவாக விற்று ஊரைப் பிடித்துவிடலாம் என்ற வால்மார்ட் வித்தை இங்கே பாதி செல்லாது. அதைவிட மலிவாக விற்கும் ஒரு கடையை அரசே தெருவுக்குத் தெரு வைத்திருக்கிறது.

இதையெல்லாம் சொல்லும்போது அண்ணாச்சிக்குக் கோயில் கட்டும் நோக்கம் எனக்கு இல்லை. கூல் டிரிங்க்ஸுக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் "கூலிங் சார்ஜ்" வாங்கும் கடைகளை எல்லோருக்கும் தெரியும். பில் கேட்டால் முறைப்பார்கள். தேதி முடிந்த பாக்கெட்டைத் தூசி தட்டிக் கொடுப்பவர்கள் உண்டு. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த சின்னப் பையன்கள் விடியற்காலை முதல் நள்ளிரவு வரை நின்று, கடையிலேயே படுத்து எழுந்த உழைப்பின் மேல்தான் இந்தக் கடைகள் வளர்ந்தன. அப்படி நின்ற பையன்கள் பத்து வருடம் கழித்துத் தனிக் கடை வைத்தார்கள் என்பதும் உண்மை. இன்றைக்கு நிற்கப் பையன்கள் இல்லை. வடமாநிலத்துத் தம்பிகள் நிற்கிறார்கள். அவர்களுக்குத் தாம்பரத்தில் தனிக் கடை வைக்கும் கனவு இருக்கிறதா என்று தெரியவில்லை.

உள்ளே போக முடியாத கடை

இப்போது அதே தெருவில் இன்னொரு கடை முளைத்திருக்கிறது. பெயர்ப் பலகை சின்னதாக இருக்கும், சில இடங்களில் இருக்காது. ஷட்டர் பாதி இறக்கியிருக்கும். வாசலில் மஞ்சள், ஆரஞ்சு, ஊதா டி-ஷர்ட்டுகளோடு பைக்குகள். இதை டார்க் ஸ்டோர் என்கிறார்கள். உள்ளே வரிசை வரிசையாக எண் போட்ட ரேக்குகள். ஆர்டர் விழுந்ததும் பிக்கர் கையில் இருக்கும் கருவி எந்த ரேக், எந்தத் தட்டு என்று காட்டுகிறது. அடிக்கடி போகும் பால், முட்டை, பிரெட் எல்லாம் பேக்கிங் மேசைக்குப் பக்கத்திலேயே. இரண்டு மூன்று கிலோமீட்டர் சுற்றளவுக்குள்தான் டெலிவரி. பத்து நிமிட வித்தையின் ரகசியம் வேகத்தைவிட அந்தச் சுற்றளவில்தான் இருக்கிறது. வாடிக்கையாளர் உள்ளே கால் வைக்க முடியாது. பேரம் பேச முடியாது, "கொஞ்சம் கறிவேப்பிலை போடுங்க" என்று கேட்க ஆள் கிடையாது. மழை வந்தால் கட்டணம் ஏறும்.

பெருங்களத்தூர், மேடவாக்கம் பக்கத்து அடுக்குமாடிகளில் இது இன்றைக்குப் பழக்கமாகிவிட்டது. கணவன் மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில், ராத்திரி பத்தரைக்குத் தோசை மாவு தீர்ந்தால் லிஃப்டில் இறங்கி, கேட் தாண்டி, கடை திறந்திருக்கிறதா என்று பார்க்க யாருக்குத் தெம்பு? நானும் ஆர்டர் போடுகிறவன்தான். மாதம் முதல் தேதி நீளமாக லிஸ்ட் போட்டு மளிகை வாங்கும் வழக்கம் அந்த வீடுகளில் தளர்ந்துவிட்டது. அண்ணாச்சி இழந்த பெரிய வியாபாரம் அந்த மாத லிஸ்ட். கடன் சொல்லும் வீடுகள் அவரிடமே இருக்கின்றன; கைக்காசு கொடுத்த வீடுகள் போய்விட்டன. நோட்டு கனக்கிறது, கல்லா இளைக்கிறது.

இந்தக் கடைகளின் பணம் யாருடையது? ஃபிளிப்கார்ட் மினிட்ஸ் வால்மார்ட்டுடையது. இன்ஸ்டாமார்ட்டை நடத்தும் ஸ்விக்கியில் பெரிய பங்குதாரர் நெதர்லாந்தின் புரோசஸ். ஜெப்டோ ஓடுவது பெரும்பாலும் வெளிநாட்டு முதலீட்டாளர்களின் காசில். பிக்பாஸ்கெட்டை 2021-ல் டாடா வாங்கியது. பிளிங்கிட் ஜொமேட்டோவை நடத்தும் எடர்னலுடையது.

சட்டம் என்ன சொல்கிறது? அந்நிய முதலீடு உள்ள ஆன்லைன் கம்பெனி சந்தை மேடையாக மட்டும் இருக்கலாம்; சரக்கு அதன் சொந்தமாக இருக்கக் கூடாது. எனவே நம் வீட்டுக்கு வந்த பருப்பின் பில்லில் நாம் கேள்விப்படாத ஒரு விற்பனையாளர் கம்பெனியின் பெயர் இருக்கும். ரேக் ஆப்காரருடையது, பைக் ஓட்டுபவர் ஆப்பில் பதிவு செய்தவர், தள்ளுபடியை முடிவு செய்வது ஆப், பருப்பு மட்டும் வேறு யாரோ ஒருவருடையது. தன் பங்கு இருக்கும் கம்பெனியின் சரக்கை மேடைக்காரர் தன் மேடையில் விற்கக் கூடாது என்று 2019 பிப்ரவரி முதல் விதி இறுகியது. வக்கீல்களுக்கு வேலை கூடியது. தெருவில் எதுவும் மாறவில்லை. 2025-ல் ஜொமேட்டோவின் தாய்க் கம்பெனியான எடர்னல் இன்னொரு வழி கண்டது. அந்நியப் பங்குகளுக்கு 49.5 சதவீதம் என்று தானே உச்சவரம்பு போட்டுக்கொண்டு, இந்தியருக்குச் சொந்தமான கம்பெனி ஆகிச் சரக்கைச் சொந்தமாக வைத்துக்கொள்ளும் பாதை அது.

இதைவிட ருசியான விதி ஒன்று உண்டு. இந்தியாவில் விளைந்த, தயாரான உணவுப் பொருட்களைச் சில்லறையில் விற்க 100 சதவீத அந்நிய முதலீடு அனுமதிக்கப்படும் என்று 2016-ல் சொன்னார்கள். 50 கோடி டாலர் திட்டத்தோடு அமேசான் 2017-ல் அனுமதி வாங்கியது. அதாவது அந்நியன் சாம்பார்ப் பொடி விற்கலாம், சாம்பார் பாத்திரம் தேய்க்கும் சோப்பை விற்கக் கூடாது!

வெளியூர் யானைகளுக்கும் அடி சறுக்கியது

வால்மார்ட் என்றால் போகிற இடமெல்லாம் ஜெயிக்கும் என்று நினைக்க வேண்டாம். 1997-ல் ஜெர்மனிக்குள் போய், அங்கே ஏற்கெனவே விலையைத் தரைக்குக் கொண்டுவந்திருந்த ஆல்டியிடமும் லிடிலிடமும் மல்லுக்கட்டித் தோற்றது. 2006-ல் 85 கடைகளையும் உள்ளூர் மெட்ரோவிடம் விற்றுவிட்டு வெளியேறியது. அதே ஆண்டு தென்கொரியாவிலிருந்தும் கிளம்பியது. அந்த மெட்ரோ 2003-லேயே பெங்களூருவில் மொத்த விற்பனைக் கடை திறந்து, கடைக்காரர்களுக்கு மட்டும் என்று கார்டு கொடுத்து இருபது வருடம் ஓட்டிப் பார்த்தது. 2022 டிசம்பரில் தன் 31 கடைகளையும் 2,850 கோடி ரூபாய்க்கு விற்க ஒப்புக்கொண்டது. வாங்கியவர் ரிலையன்ஸ். பிரான்ஸின் கார்ஃபூர் 2010-ல் டெல்லியில் நுழைந்து 2014-ல் மூட்டை கட்டியது.

ஆக, 2012-ல் யாரைக் கண்டு பயந்தோமோ அவர்கள் பெரும்பாலும் கடை வழியாக வந்து தோற்றார்கள். ஜெயித்தவர் ரிலையன்ஸின் அம்பானி. அவருக்கு எந்த அந்நிய முதலீட்டுக் கொள்கையும் மாநிலச் சம்மதமும் தேவைப்படவில்லை. வணிகர் சங்கங்களின் பயம் சரியான பயம்தான். காவலுக்கு நின்ற வாசல்தான் தப்பு.

அந்தச் சங்கங்களின் பலத்தையும் குறைத்துச் சொல்ல முடியாது. த.வெள்ளையனின் பேரவை, ஏ.எம்.விக்கிரமராஜாவின் பேரமைப்பு என இரண்டாகப் பிரிந்த பிறகும், மே 5 வணிகர் தின மாநாட்டுக்கு அமைச்சர்கள் போகாமல் இருக்க முடியாத அளவுக்குச் செல்வாக்கு. ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த சூட்டில், 2017 மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்க மாட்டோம் என்று அறிவித்து, பல கடைகளில் ஃப்ரிட்ஜைக் காலி செய்தே காட்டினார்கள். சில மாதங்கள்தான். வெயில் காலம் வந்தது, கேட்கிறவர்கள் கேட்டார்கள், பாட்டில்கள் திரும்பி வந்தன. அந்நியப் பானங்களுக்கு எதிராகக் கடைசிவரை பேசிய வெள்ளையன் 2024 செப்டம்பரில் மறைந்தார். அவர் காலத்துப் போராட்டத்துக்கு ஒரு வசதி இருந்தது: எதிரிக்கு முகவரி இருந்தது. மறியல் செய்ய ஒரு கேட் இருந்தது. ஆப்புக்கு எங்கே போய் மறியல் செய்வது?

வாங்கும் விலையே விற்கும் விலை

உண்மையான அடி விழுவது கொள்முதலில். பிராண்டுச் சரக்கு கம்பெனியிலிருந்து ஏஜென்ட், டிஸ்ட்ரிபியூட்டர், அப்புறம் கடை என்று இறங்கி வரும். நூறு ரூபாய் எம்.ஆர்.பி. உள்ள பொருளில் கடைக்காரருக்குப் பொதுவாக எட்டு முதல் பத்து ரூபாய் நிற்கும். சில பிராண்டில் அதுவும் இல்லை. ஆப்பில் அதே பொருள் பதினைந்து சதவீதத் தள்ளுபடியில் ஓடும் நாட்களில், டிஸ்ட்ரிபியூட்டர் போடும் பில்லைவிட ஆப் விலை குறைவு. டிஸ்ட்ரிபியூட்டரிடம் வாங்காமல், பெரிய சூப்பர் மார்க்கெட்டில் ஆஃபர் போடும் நாளில் வண்டி கொண்டுபோய் அள்ளிக்கொண்டு வந்து விற்கும் சிறு கடைக்காரர்கள் இருக்கிறார்கள். கேவலம் என்று நினைக்க ஒன்றும் இல்லை, கணக்கு அப்படி.

அதனால்தான் இந்தமுறை முதலில் கத்தியவர்கள் கடைக்காரர்கள் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டர்கள். அவர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு, ஒரே வருடத்தில் இரண்டு லட்சம் மளிகைக் கடைகள் மூடப்பட்டதாக 2024-ல் சொன்னது. அது அவர்கள் தரப்புக் கணக்கு. அரசுக் கணக்கு இல்லை. நஷ்டத்துக்கு விற்றுச் சந்தையைப் பிடிக்கிறார்கள் என்ற புகார் போட்டி ஆணையம் வரை போயிருக்கிறது. இதே கூட்டமைப்பு 2021-22 வாக்கில் ரிலையன்ஸின் ஜியோமார்ட்டுக்கு ஒரு விலை, எங்களுக்கு ஒரு விலையா என்று இந்துஸ்தான் யூனிலீவர் போன்ற கம்பெனிகளிடம் சண்டை போட்டது. ஆப் விலையைத் திட்டுவதைவிட அந்தக் கேள்விதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஒரே சோப்பை ஒரே கம்பெனி இரண்டு விலையில் கொடுக்கும்வரை, அண்ணாச்சி எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும் போட்டி சமமாக இருக்காது.

மாநில அரசின் நிலையும் மாறிவிட்டது. 2012-ல் சம்மதம் தர மாட்டேன் என்று சொன்னால் போதுமாக இருந்தது. 2022 மார்ச்சில் அபுதாபியில் லூலு குழுமத்தோடு 3,500 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார் முதல்வர் ஸ்டாலின். 2023-ல் கோவையில் ஹைப்பர் மார்க்கெட் திறந்தது. ஒரு செங்கல்லைக்கூட வைக்க விட மாட்டோம் என்று அப்போது பா.ஜ.க. மாநிலத் தலைவராக இருந்த அண்ணாமலை சொன்னது யாருக்கும் இப்போது நினைவில் இருக்காது. முதலீடு வேண்டும், ஐ.டி. ஆபீஸ் வேண்டும், வணிகர் ஓட்டும் வேண்டும். எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த மூன்றையும் சேர்த்துத்தான் கேட்கும்.

ஆனால் கையில் ஒன்றுமே இல்லை என்று மாநிலங்கள் சொல்ல முடியாது. 2025 ஜூனில் மகாராஷ்டிரத்தின் உணவுப் பாதுகாப்புத் துறை தாராவியில் ஜெப்டோவின் டார்க் ஸ்டோர் உரிமத்தை நிறுத்தி வைத்தது. புனேயில் ஒரு பிளிங்கிட் ஸ்டோருக்கும் அதே கதி. டெல்லி அனுமதித்த முதலீட்டை மும்பையின் ஓர் இன்ஸ்பெக்டர் நிறுத்திக் காட்டினார். உணவு உரிமம், தொழில் உரிமம், குடியிருப்புத் தெருவில் கட்டிடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற விதி, நாற்பது பைக்குகள் எங்கே நிற்க வேண்டும் என்ற விதி, எல்லாம் மாநிலத்திடமும் உள்ளாட்சியிடமும்தான் இருக்கின்றன. பைக் ஓட்டும் பையன்களுக்கு 2023 டிசம்பரிலேயே தமிழ்நாடு நலவாரியம் அமைத்துவிட்டது.

2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து உருவானது தாம்பரம் மாநகராட்சி. குடியிருப்புத் தெருவில் வாடிக்கையாளர் நுழைய முடியாமல், காலையிலிருந்து நள்ளிரவு வரை சரக்கு இறங்கி ஏறும் அந்தத் தரைத்தளம் மாநகராட்சியின் உரிமப் பதிவேட்டில் கடையா, கிடங்கா? வணிகர் சங்கங்கள் அடுத்த பந்த்துக்குத் தேதி குறிப்பதற்கு முன் இதைக் கேட்டு வாங்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுக் கட்டணம் பத்து ரூபாய்.